உறை மட்டுமே என்னுடையது

எங்கள் வீட்டு அலமாரியின் நடுத்தட்டில், ஒரு காலத்தில் அம்மாவின் கூறைப்புடவை இருந்த இடத்தில், இப்போது ஒரு பழைய தோலுறை இருக்கிறது. முக்கால் நூற்றாண்டுக்கு முன் ஒரு சுழல்துப்பாக்கி குடியிருந்த உறை அது. துப்பாக்கி போய்விட்டது, அதன் உருவம் போகவில்லை. மூடியைத் தூக்கி விளக்கடியில் சாய்த்துப் பிடித்தால், ஆறு அறைகள் கொண்ட உருளை அழுத்திய மேடு வெளிப்புறத்தில் தெரியும். அதற்குக் கீழே குழலின் வரி, உறையின் நுனியில் குழல்வாய் தேய்த்துத் தேய்த்து உண்டாக்கிய கறுப்பு வட்டம். மூடியின் உட்புறத்தில், தோட்டாவை அடித்து வெடிக்கச் செய்யும் சுத்தியலின் கொம்பு குத்திய ஒரு சிறு பள்ளம். வைத்திருந்தவர் அதை எத்தனை முறை உருவிச் செருகினார் என்பதைத் தோல் தன் போக்கில் எழுதி வைத்திருக்கிறது.

பழைய காவல்துறைச் சுழல்துப்பாக்கிகளின்மேல் எனக்குள்ள பற்று ஊரில் பலருக்கும் தெரியும். தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கிராணியாக, அதாவது கணக்கெழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவனுக்கு இது என்ன பித்து என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களிடம் முதலில் நான் சொல்வது, என்னிடம் ஒரு துப்பாக்கிகூடக் கிடையாது என்பதைத்தான். உறைகள், இடைவார்கள், கழுத்துக் கயிறுகள், தோட்டாப் பைகள், சில சின்னங்கள், இவ்வளவுதான் என் சேகரிப்பு. வெற்றுத் தோட்டாக்கூடு ஒன்றைக்கூட நான் வீட்டுக்குள் கொண்டுவந்ததில்லை.

முதல் உறை அப்பாவுக்குக் கிடைத்தது. அப்பா மலாயாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் பெரிய துரையின் காரோட்டியாக இருந்தார். 1948 ஜூன் 16ஆம் நாள் காலையில் எங்கள் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் எல்ஃபில் தோட்டத்து ஆர்தர் வாக்கர். தம் அலுவலகத்திலேயே மாண்டார். இரண்டே நாளில் மலாயா முழுமைக்கும் அவசரகாலம் விரிவாக்கப்பட்டது. அது 1960 ஜூலை 31 வரை நீடித்தது. வாக்கரின் சாவுச் செய்தி எங்கள் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது ரப்பர் பால் நிறுக்கும் நேரம் என்றும், நிறுத்த பாலைக் கணக்கில் எழுத மறந்து கிராணி நின்றுகொண்டிருந்தார் என்றும் அப்பா சொல்வார். நானும் பின்னாளில் அதே மேசையில் உட்கார்ந்தவன் என்பதால், அந்த எழுதப்படாத கணக்குதான் எனக்கு எப்போதும் நினைவுக்கு வரும்.

அதற்குப் பிறகு துரைமார்கள் ஆயுதம் இல்லாமல் வெளியே இறங்கவில்லை. கார்களுக்கு இரும்புத் தகடு அடித்தார்கள். பங்களாக்களைச் சுற்றி முள்வேலி எழுந்தது. லயங்களையும் வேலிக்குள் கொண்டுவந்தார்கள். தோட்டங்களையும் ஈயச் சுரங்கங்களையும் காக்கச் சிறப்புக் காவலர்கள் ஆயிரக்கணக்கில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களுக்கு நீளத் துப்பாக்கி. இடுப்பில் செருகும் சுழல்துப்பாக்கி என்பது இன்ஸ்பெக்டர்களுக்கும் அதிகாரிகளுக்கும் துரைமார்களுக்கும் உரியது. ஆகவே எங்கள் ஆட்கள் அதைப் பார்த்ததெல்லாம் பக்கவாட்டில்தான். நிமிர்ந்தால் துரையின் முகம், குனிந்தால் துரையின் உறை.

அப்பா பார்த்தது இன்னும் அருகில். சம்பளப் பணம் எடுத்துவர ஈப்போவுக்குப் போகும் நாளில், துரை உறையின் மூடியைத் திறந்து துப்பாக்கியை உருவித் தம் தொடைக்கும் அப்பாவின் தொடைக்கும் நடுவில் இருக்கையின்மேல் வைத்துவிடுவாராம். கார் இருக்கையில் உட்கார்ந்தபின் வலது இடுப்பிலிருந்து உருவ முடியாது. இருக்கையும் உடம்பும் தடுக்கும். இது அனுபவத்தால் வந்த பழக்கம். போகும்போது கியர் மாற்றுகிற ஒவ்வொரு முறையும் அப்பாவின் முட்டி அந்தப் பிடியில் இடிக்கும். மாலையில் பங்களாவுக்குத் திரும்பியதும் துரை முன்வாசலில் நின்று கட்டைவிரலால் ஒரு நெம்பை அழுத்துவார். குழல் முன்பக்கம் மடிந்து, ஆறு தோட்டாக்களும் ஒருசேர எழுந்து வரும். அவற்றைக் கைக்குட்டையில் கொட்டி ஒவ்வொன்றாகத் துடைப்பார். அந்த மடிப்பின் ஓசையைத்தான் அப்பா அடிக்கடி நாக்கை மேலண்ணத்தில் தட்டிக் காட்டுவார். "அது கேட்டாத்தான்டா அன்னிக்குப் பொழுது முடிஞ்சதுன்னு அர்த்தம்" என்பார்.

ஒரே ஒருமுறை அப்பா அதைத் தொட்டிருக்கிறார். மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலையில் சாலைக்குக் குறுக்கே ஒரு மரம் கிடந்தது. தானாக விழுந்ததா, வெட்டிப் போட்டதா என்று பார்க்கத் துரை இறங்கினார். இறங்குமுன், என்ன நினைத்தாரோ, துப்பாக்கியை அப்பாவின் கையில் திணித்து, ஏதாவது என்றால் வானத்தைப் பார்த்துச் சுடு என்று சொல்லிவிட்டுத் தாம் நீளத் துப்பாக்கியுடன் போனார். அப்பாவுக்குக் காட்டிலிருந்து யார் வருவார்கள் என்ற பயம் இல்லையாம். பின்னாலிருந்து போலீஸ் லாரி வந்தால் தன் கையில் இருப்பதற்கு என்ன சொல்வது என்ற பயம்தானாம். மரம் தானாகத்தான் விழுந்திருந்தது. ஆனால் அந்தச் சில நிமிடங்களைப் பற்றிப் பேசும்போது, எழுபது வயதிலும் அப்பா தம் வலது உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொள்வார்.

அந்தப் பயம் வீண்பயம் இல்லை. அவசரகாலச் சட்டத்தில், அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கு. அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி, ரவாங் அருகே ஒரு தோட்டத்தில் 1949 மார்ச் மாதத்தில் பிடிபட்டார். அவர்மேல் சுமத்தப்பட்ட குற்றம், கைத்துப்பாக்கியும் தோட்டாக்களும் வைத்திருந்தார் என்பது. இந்தியாவிலிருந்து கருணை கேட்டு எழுந்த குரல்கள் பயனளிக்கவில்லை. 1949 மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். தோட்டத்துத் தமிழனுக்கு அந்தச் செய்தி எதைச் சொல்லியிருக்கும் என்பதைச் சிந்தித்துப் பாருங்கள். துரையின் இடுப்பில் இருந்தால் அது காவல்; கணபதியின் கையில் இருந்தால் அது கயிறு. பொருள் ஏறக்குறைய ஒன்றுதான். அந்தக் காலத்துச் சுழல்துப்பாக்கியைப் பற்றி எழுதுகிற எவரும் இதை விட்டுவிட்டு அதன் எஃகின் மெருகைப் பற்றி மட்டும் எழுதினால் எனக்கு எரிச்சல் வரும்.

சட்டம் இன்றும் இளகிவிடவில்லை. மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது குற்றம். 1971இல் வந்த தண்டனை உயர்வுச் சட்டம் அதற்கு 14 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 6 பிரம்படியும் என்று வைத்திருக்கிறது. பழையது, துருப்பிடித்தது, தாத்தாவின் நினைவாக வைத்திருக்கிறேன் என்பதெல்லாம் பேச்சுக்கு உதவாது. போலித் துப்பாக்கிக்குக்கூடத் தடை உண்டு. அதனால் எனக்குத் தெரிந்தவரை, நம் நாட்டில் என்னைப் போன்ற சாதாரண ஆள் பழைய போலீஸ் ரிவால்வரைச் சேகரிக்க ஒரே நேர்வழி, அதைச் சுமந்த தோலையும் துணியையும் சேகரிப்பதுதான். தொடக்கத்தில் இது எனக்குக் குறையாகத் தோன்றியது. இப்போது அப்படித் தோன்றுவதில்லை. துப்பாக்கியில் தொழிற்சாலையின் கைதான் தெரியும். உறையில் வைத்திருந்த ஆளின் இடுப்பும் வியர்வையும் தெரிகின்றன.

துரை ஊர் திரும்பும்போது துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு, காலி உறையை அப்பாவிடம் கொடுத்தார். அப்பா அதில் வெகுகாலம் வெற்றிலைப் பாக்குவெட்டியும் சுண்ணாம்பு டப்பியும் வைத்திருந்தார். (உறையின் அடியில் இன்றும் வெள்ளைத் தடம் இருக்கிறது, அதை நான் துடைக்கவில்லை.) அது எந்தத் துப்பாக்கியின் உறை என்று கண்டுபிடிக்கப் போய்த்தான் நான் இந்தக் குழிக்குள் விழுந்தேன்.

அப்பா சொன்ன மடிப்பு ஓசையிலிருந்து அது நடுவில் மடியும் வகை என்பது தெளிவு. அக்காலத்தில் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் அந்த வகையில் பெரும்பாலும் இரண்டு பெயர்கள்தாம்: பர்மிங்ஹாமின் வெப்லி அண்ட் ஸ்காட், அரசாங்கத்தின் சொந்தத் தொழிற்சாலையான என்ஃபீல்டு. இரண்டும் பார்ப்பதற்கு அண்ணன் தம்பி போல இருக்கும். அந்த ஒற்றுமையின் பின்னால் ஒரு வழக்கே உண்டு. முதல் உலகப் போரில் பயன்பட்ட, .455 அங்குல அளவுத் தோட்டா போடும் பெரிய வெப்லியைக் கையாளப் பயிற்சி அதிகம் வேண்டியிருந்ததால், போருக்குப் பின் இராணுவம் .38 அளவில் சிறியதொரு துப்பாக்கியைக் கேட்டது. வெப்லி நிறுவனம் தன் வடிவத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தது. அரசாங்கம் அதைப் பார்த்துக்கொண்டு, சில மாற்றங்களுடன் தன் என்ஃபீல்டு தொழிற்சாலையிலேயே செய்துகொண்டது. வெப்லி வழக்குப் போட்டுத் தோற்றது. கடைசியில் கண்டுபிடிப்பாளர்களுக்கான அரச ஆணையம் ஒன்று 1,250 பவுன் கொடுத்துக் கணக்கை முடித்தது. இரண்டாம் உலகப் போர் வந்து என்ஃபீல்டால் மட்டும் ஈடுகொடுக்க முடியாமல் போனபோது, அதே அரசாங்கம் அதே வெப்லியிடம் போய் அதன் மார்க் 4 துப்பாக்கிகளை வாங்கியது. தோட்ட அலுவலகத்தில் கணக்கு எழுதியவன் என்ற முறையில், இந்த 1,250 பவுனைப் படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

இனி உறைக்கு வருவோம். வலது இடுப்பில், பிடி பின்பக்கம் பார்க்கத் தொங்கும் துப்பாக்கியின் இடப்புறம் உடம்பை ஒட்டி இருக்கும். வெப்லியிலும் என்ஃபீல்டிலும் திறக்கும் நெம்பு இடப்புறத்தில்தான். எங்கள் உறையின் உடம்போரப் பக்கத்தில், சுத்தியலுக்குச் சற்று முன்னால், விரல் நகம் அளவுக்கு ஒரு மேடு இருப்பதை வெகுநாள் கழித்துத்தான் தடவிக் கண்டுபிடித்தேன். ஆகவே இரண்டில் ஒன்று. 1938இல் வந்த என்ஃபீல்டு மாற்று வடிவத்தில், பீரங்கி வண்டிக்குள் இருப்பவர்களுக்கு எங்கும் மாட்டிக்கொள்ளக்கூடாது என்று சுத்தியலின் கொம்பையே நீக்கிவிட்டார்கள். எங்கள் மூடியின் உட்புறத்திலோ கொம்பு குத்திய பள்ளம் இருக்கிறது. அதனால் அந்த வடிவம் இல்லை. வெப்லி மார்க் 4 என்பதே என் முடிவு. யாராவது மறுத்து நிறுவினால் ஏற்றுக்கொள்வேன்.

சிங்கப்பூர்க் காவல்துறைக்காகச் செய்யப்பட்ட வெப்லிகளில் ஒரு விநோதம் உண்டு. சுழல்துப்பாக்கிக்குப் பொதுவாகப் பாதுகாப்புத் தாழ் கிடையாது. விசையின் நீண்ட இழுப்பே பாதுகாப்பு. சிங்கப்பூர்க்காரர்கள் தாழ் வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். உலகச் சேகரிப்பாளர்கள் இன்று அவற்றைத் தேடி அலைகிறார்கள். நீரிணைக்கு அந்தப் பக்கம் புழங்கிய ஒரு பொருளுக்கு எங்கோ இருப்பவர்கள் ஏலம் கேட்பதைத் திரையில் பார்ப்பது ஒரு தனி அனுபவம்.

சுமப்பதைப் பற்றி எனக்குப் பாடம் சொன்னவர், பக்கத்து ஊரில் இருந்த ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் ஒருவர். இன்று அவர் இல்லை. அவர் பணியில் சேர்ந்த காலத்தில் உருளை பக்கவாட்டில் திறக்கும் ஸ்மித் அண்ட் வெசன் வந்துவிட்டது. துப்பாக்கி கனமா என்று கேட்டேன். கனம் இல்லை, ஒருபக்கக் கனம் என்றார். முக்கால் கிலோவுக்கு மேல் ஒரு பக்கத்தில் தொங்கும்போது இடைவார் அந்தப் பக்கம் இறங்கும். நாளடைவில் நடையே சாயும். அதனால்தான் தோளுக்குக் குறுக்கே ஒரு வார் போட்டு எடையைப் பங்கிட்டார்கள். சாம் பிரௌன் வார் என்று அதற்குப் பெயர். இந்தியாவில் 1858இல் நடந்த சண்டையில் இடக்கையை இழந்த ஓர் ஆங்கில அதிகாரி, ஒற்றைக் கையால் வாளை உருவ வசதியாகத் தமக்காகச் செய்துகொண்டது அது. பிறகு உலகத்துச் சீருடைகளிலெல்லாம் ஏறிக்கொண்டது.

கழுத்துக் கயிற்றைப் பற்றி அவர் சொன்னதை நான் வேறெங்கும் படித்ததில்லை. துப்பாக்கிப் பிடியின் அடியில் ஒரு வளையம் இருக்கும். கயிற்றின் ஒரு முனை அதில், மறுமுனை தோளில் அல்லது கழுத்தில். ஆற்றைக் கடக்கும்போதோ கைகலப்பிலோ துப்பாக்கி விழுந்தால் தொலையாது. ஆனால் புதுக்கயிறு மழையில் நனைந்தால் சுருங்கும் என்று அவர் சொன்னார். அளவு பார்த்துக் கட்டியவன் நனைந்தபின் கையை முழுதாக நீட்ட முடியாமல் தவிப்பானாம். அதனால் பழைய ஆட்கள் புதுக்கயிற்றை முதலில் கஞ்சித் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு செங்கல்லைக் கட்டித் தொங்கவிட்டுக் காயவைத்த பிறகே அணிவார்களாம். என்னிடம் உள்ள மூன்று கயிறுகளில் ஒன்று அவர் கொடுத்தது. வெள்ளை நிறம், கழுத்துப் படும் இடம் மட்டும் தேநீர் நிறமாகிவிட்டது.

இன்னொன்றும் சொன்னார்: இரவில் ஒருபோதும் துப்பாக்கியைத் தோலுறையில் வைத்துவிட்டுத் தூங்காதே. கேட்பதற்கு வீரக்கதை போல இருந்தாலும் இதில் இருப்பது வேதியியல். மரப்பட்டைச் சாறு கொண்டு பதப்படுத்திய தோலில் அமிலத்தன்மை இருக்கும். ஈரத்தையும் அது பிடித்துவைத்துக்கொள்ளும். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒரு வாரம் உறைக்குள் கிடந்த எஃகின்மேல் துருப் புள்ளிகள் பூத்துவிடும். சுமப்பதற்குத்தான் உறை, வைப்பதற்கு இல்லை. வேறு நாடுகளில் உரிமத்தோடு சேகரிப்பவர்கள் இதைத் தாமதமாகக் கற்றுக்கொண்டு வருந்துவதுண்டு.

என் தவறு அதற்கு நேர்மாறானது. தோல் வறண்டு வெடிக்கிறதே என்று, கால்நடைக் குளம்பெலும்பிலிருந்து எடுக்கும் எண்ணெயை வாங்கி வந்து, இரண்டாவதாகச் சேர்த்த ஓர் அருமையான உறைக்குத் தலைக்கு எண்ணெய் வைப்பதுபோல் நாள்தோறும் தடவினேன். ஒரு மாதத்தில் அது பிள்ளையார் சிலை போலக் கறுத்துப் பளபளத்தது. மூன்றாம் மாதம் தையல் நூல் இற்றுவிட்டது. அழுத்தத் தடங்கள் அத்தனையும் ஊதிப் போய், உள்ளே எந்தத் துப்பாக்கி இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாதபடி மொழுக்கென்று ஆகிவிட்டது. பித்தளைக் குமிழைச் சுற்றிப் பச்சைக் களிம்பும் கிளம்பியது. எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலம் பித்தளையிலுள்ள செம்பைத் தின்று கக்குவது அது. பல்குத்தும் குச்சியால் சுரண்டி எடுத்தேன். எழுபது ஆண்டுகள் மழையும் காடும் செய்யாததை மூன்று மாத அன்பு செய்துவிட்டது. இப்போது நான் உறைகளுக்கு எதுவும் தடவுவதில்லை. உள்ளே பழந்துணியைத் திணித்து வடிவம் கெடாமல் வைத்து, பஞ்சுத்துணியில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் மணிப்பொட்டலத்தைப் பக்கத்தில் போட்டு, மாதம் ஒருமுறை காற்றாட விடுகிறேன். பூஞ்சணம் கண்டால் உலர்ந்த தூரிகை, அவ்வளவுதான்.

ஏமாந்த கதையும் உண்டு. இணையத்தில் ஒரு விற்பனையாளர், 1948இல் மலாயாப் போலீஸ் பயன்படுத்தியது என்று சொல்லி, சின்னம் பதித்த உறை ஒன்றை நல்ல விலைக்கு விற்றார். ஆசையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. பொருள் வந்தபின் பார்த்தால் சின்னத்தில் 'டிராஜா' என்ற சொல் இருக்கிறது. காவல்துறைக்கு அரச அடைமொழி கிடைத்தது 1958 ஜூலை 24ஆம் நாள். பத்தாண்டு முன்னாலேயே அதை எப்படிப் பதித்தார்கள் என்று எழுதிக் கேட்டேன்; பதில் இல்லை. தையல் நூலின் நுனியைத் தீயில் காட்டினேன்; உருகி உருண்டையானது. அசல் பருத்தி நூலோ சணல் நூலோ என்றால் கருகியிருக்கும். அந்த உறையில் இப்போது என் பேரன் தொலைக்காட்சியின் ரிமோட்டைச் செருகி வைத்திருக்கிறான். அளவு கச்சிதமாக இருக்கிறது.

துப்பாக்கியையே வைத்திருக்கும் சேகரிப்பாளர் எங்கள் குடும்பத்தில் ஒருவன் இருக்கிறான். என் சித்தி மகன், டெக்சாஸில் குடியேறியவன். அங்கே சட்டம் வேறு. அவன் வாங்குகிறான், சுடுகிறான், சில நாள் இடுப்பிலும் செருகிக்கொண்டு போகிறான். பிரிட்டனுக்குப் போர்க்காலத்தில் அமெரிக்கா அனுப்பிய ஸ்மித் அண்ட் வெசன் 'விக்டரி' மாடல் ஒன்றை வாங்கினான். எண்ணின் முன்னால் 'வி' எழுத்து, ஐந்தங்குலக் குழல், பிடியடியில் கயிற்று வளையம், எல்லாம் சரியாக இருந்தன. முதல்நாள் சுட்டுவிட்டு இரவோடு இரவாக எனக்குக் காணொளி அழைப்பு விடுத்தான். "அண்ணே, கூடெல்லாம் வயிறு வீங்கின மாதிரி வருது, ஒண்ணு வெடிச்சே போச்சு" என்றான். கூட்டைக் கேமராவுக்கு அருகில் காட்டச் சொன்னேன். அடிப்பகுதிக்குச் சற்று மேலே உப்பலாக ஒரு வளையம், அதில் மயிரிழை போல ஒரு கீறல்.

காரணம் எளியது. பிரிட்டனுக்குப் போன விக்டரிகள் .38/200 என்ற தோட்டாவுக்காகச் செய்யப்பட்டவை. கூடு குட்டை, ஆனால் சற்றுத் தடிப்பு. போர் முடிந்து அவை வணிகர்கள் கைக்கு வந்தபோது, அமெரிக்காவில் எளிதில் கிடைக்கும் .38 ஸ்பெஷல் தோட்டா பொருந்தட்டும் என்று அறைகளை நீளவாக்கில் குடைந்துவிட்டார்கள். ஸ்பெஷல் கூடு நீளம், ஆனால் மெலிவு. குடைந்தவர்களால் நீளத்தைக் கூட்ட முடிந்தது. அகன்றிருந்த பின்பகுதியை ஒடுக்கவா முடியும்? அந்த இடைவெளியில் கூடு வீங்குகிறது, சில சமயம் பிளக்கிறது. அவனுடைய குழலில் பிரிட்டிஷ் சோதனைக்கூட முத்திரைகள் வரிசையாக இருந்தன. அவை அந்தத் துப்பாக்கி வணிகச் சந்தை வழியாக வந்தது என்பதற்குச் சாட்சி. சுடுவதை நிறுத்தி அதைப் பெட்டியில் வை என்றேன். வாங்குமுன் உன்னிடம் காட்டியிருக்க வேண்டும் என்றான். ஒரு துப்பாக்கிகூடச் சொந்தமாக இல்லாதவனிடம் ஆலோசனை கேட்கிறானே என்று என் மனைவிக்குச் சிரிப்பு. பெரிய .455 வெப்லிகளிலும் இதேபோல் உருளையின் பின்முகத்தைச் சீவி, அழுத்தம் கூடிய .45 அமெரிக்கத் தோட்டாவைப் போடும்படி செய்திருக்கிறார்கள் என்பதையும் அவனுக்குச் சொல்லி வைத்தேன். அடுத்து அதைத்தான் வாங்கப்போவதாக இருந்தான்.

சென்ற ஆண்டு நடந்ததைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அதற்குள் இவ்வளவு நீண்டுவிட்டது.

நான் வேலை செய்த தோட்டத்தில் பழைய ரப்பரை அழித்துச் செம்பனை நட மண்ணைப் புரட்டினார்கள். பெரிய துரை பங்களா இருந்த மேட்டில் இப்போது படிக்கட்டு மட்டும்தான் நிற்கிறது. அதன் பின்புறச் சாக்கடையை இயந்திரம் தோண்டியபோது ஏதோ ஒன்று வெளிப்பட்டிருக்கிறது. தோட்டத்தில் இன்னும் வேலை செய்கிற ஒரு தம்பி, "உறை தாத்தாதான் இதுக்குச் சரியான ஆளு" என்று நினைத்து, அதை நாளிதழில் சுற்றி மோட்டார் சைக்கிளில் என் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். திண்ணையில் வைத்துப் பிரித்தார். எனக்கு மூச்சு நின்றது.

துரு தின்ற சுழல்துப்பாக்கி. பிடி சிதைந்து போயிருந்தது. விசைக் காப்பு பாதி உதிர்ந்திருந்தது. உருளையின் அறைகளில் மண் இறுகியிருந்தது. ஆனால் நெம்பின் வடிவமும் மடியும் கீலும் பிடியடியிலிருந்த வளையமும் தெளிவாகத் தெரிந்தன. இத்தனை ஆண்டுகள் கண்ணாடிக்கு அந்தப் பக்கமே பார்த்த பொருள் என் வீட்டுத் திண்ணையில், கைக்கெட்டும் தூரத்தில். அலமாரி பத்தடியில் இருக்கிறது. உறையை எடுத்து வந்து ஒரே ஒருமுறை, ஒரு நொடி, செருகிப் பார்த்தால் என்ன என்று மனம் சொன்னதை மறைக்க விரும்பவில்லை. அப்போது என் கையைப் பார்த்தேன், வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தேன்.

தம்பியிடம், இதை எடுத்தது யார், எங்கே, எப்போது என்று கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். துப்பாக்கியின் ஒரு பாகம் என்றாலும் சட்டத்தில் அது ஆயுதம்தான், தோண்டிய இடத்திலேயே விட்டுவிட்டுத் தகவல் சொல்லியிருக்க வேண்டும் என்று விளக்கினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. பயப்படாதே, நானே சொல்கிறேன் என்று பாலாய்க்கு, அதாவது போலீஸ் நிலையத்துக்கு, தொலைபேசியில் பேசினேன். இளைஞர்கள் இருவர் வந்தார்கள். அவர்களில் ஒருவர் நடுவில் மடியும் துப்பாக்கியை வாழ்நாளில் பார்த்ததில்லையாம்; "பாக்சிக், இது எப்படித் திறக்கும்?" என்று மலாயில் கேட்டார். இது இனித் திறக்காது என்றேன். அறைகளில் தோட்டா இருக்கக்கூடும் என்றும், குழல்வாயை ஆள் இல்லாத பக்கம் வைத்து எடுங்கள் என்றும் சொன்னேன். புகார்ப் படிவம் எழுதி, நானும் தம்பியும் கையொப்பமிட்டோம். ஒரு மணி நேரத்தில் அதைப் பிளாஸ்டிக் பையிலிட்டுக் கொண்டுபோய்விட்டார்கள். நாளிதழைத் திண்ணையிலேயே விட்டுவிட்டார்கள்.

குப்பையில் போட எடுத்த மனைவி, இதைப் பாருங்கள் என்று கூப்பிட்டாள். ஈர மண்ணோடு சுற்றியிருந்ததால் துரு தாளில் ஊறி, துப்பாக்கியின் முழு உருவமும் காவி நிறத்தில் பதிந்திருந்தது. தாளை மேசையில் விரித்து, உறையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து அளவுகோலால் அளந்தேன். உறைக்குள் ஐந்தங்குலக் குழலுக்குத்தான் இடம். தாளில் இருந்த குழல் ஆறங்குலம், உருளையும் பருமன். முதல் உலகப் போர்க்காலத்து .455 வெப்லி மார்க் 6 அது, துரையினுடையதே இல்லை. ஜப்பானியர் வந்தபோது ஓடிய யாரோ சாக்கடையில் வீசியதா, அதற்கும் முன்னால் போனதா என்று அப்பாவிடம் கேட்டிருக்கலாம். அவர் போய்ப் பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன.

அந்தத் தாளை இரண்டு கண்ணாடித் தாள்களுக்கு நடுவில் வைத்து உறைக்குக் கீழே படுக்கையாக வைத்திருக்கிறேன். மடிக்க முடியவில்லை, மடித்தால் துரு உதிர்கிறது.